கிடா வந்தாச்சு, மாமனைக் காணோம்

கார் வாங்கி மாதக்கணக்கில் ஆகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவில்லை. கோடையில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். இறங்கும்போது ஒரு சத்தமும் வரும். ஆனாலும் உறை இருக்கும்வரைதான் அது புதுக் கார், கழற்றிவிட்டால் வெறும் கார். வெறும் காருக்காகவா இத்தனை வருஷம் மாதத் தவணை கட்டப்போகிறேன்?

காருக்குள் தின்பண்டம் கிடையாது. ஏறுமுன் செருப்பைத் தட்டிவிட்டு ஏற வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, மெதுவாகவும் சாத்தக் கூடாது. மெதுவாகச் சாத்தினால் கதவு திறந்திருக்கிறது என்று அது கூவும். கண்ணாடியில் விரல் படக் கூடாது. என் மனைவி ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் ஒரு பெருமூச்சு விடுவாள். "பஸ்ல போனா கடலையாவது திங்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். ஒரு இயந்திரத்தை எப்படி மதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு அப்போது இருந்தது.

அந்த வைகாசியில் கீரமங்கலத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மொட்டை போடுவதும் அந்த மடியில்தான், காது குத்துவதும் அந்த மடியில்தான். காதில் போடும் தங்கத் தோடும் மாமன் கொண்டுவரும் சீரோடுதான் வந்து சேர வேண்டும். பந்தல், பந்தி, பத்திரிகை எல்லாம் அப்பன் வீட்டுச் செலவாக இருக்கலாம். மாமன் வராமல் ஒன்றும் நடக்காது.

தங்கை வாக்கப்பட்ட வீடு பெரிய வீடு. பங்காளிகளே ஒரு பந்திக்கு இருப்பார்கள். எங்களுக்கோ அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை, சித்தப்பா பெரியப்பா என்று வந்து நிற்கவும் ஆள் கிடையாது. அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருவன்தான். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்கப் போன் பண்ணும்போதெல்லாம், "நேரத்துக்கு வந்துருண்ணே, இங்க எல்லாரும் வாசலயே பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "புதுக் கார்ல சீர் வந்து எறங்கும் பாரு" என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை மாமியாரிடம் சொல்ல, மாமியார் ஊரிடம் சொல்ல, நாதஸ்வரமும் வெடியும் வாசலில் ஏற்பாடாகிவிட்டன. சீரில் ஒரு கிடாயும் உண்டு. கிடாயை என் காரில் ஏற்ற முடியுமா? பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவருடைய லோடு ஆட்டோவில் அதை விசேஷத்தன்று விடியற்காலையிலேயே அனுப்ப ஏற்பாடு பண்ணினேன்.

முதல்நாள் சாயங்காலம் வண்டிக்குப் பூசை. பூசை போட்டவர் என் மாமனார். அவர் விராலிமலைக்காரர். மலையடிவாரத்தில் பூசைக்கு வந்து நிற்கும் லாரிகளையும் வேன்களையும் பார்த்தே வளர்ந்தவர். வண்டிப் பூசையில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய முடிவு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குப் பட்டை, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் எல்லாம் முறைப்படி ஆனது. கடைசியில் பானட்டைத் திறந்து உள்ளே என்னவோ செய்தார். நான் வாசலில் நின்று போனில் கிடாய்க்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்ஜினுக்கும் பூ வச்சாச்சு மாப்ள. அதுதானே ஓடப்போகுது, அத விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் வச்சு என்ன பிரயோசனம்?" என்று சொல்லிப் பானட்டைப் படாரென்று மூடினார். அந்தச் சத்தம்தான் எனக்கு வலித்தது. பூவைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் காது குத்தியாக வேண்டும் என்று தங்கையின் மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் என்ன அமெரிக்காவா? சாவகாசமாகக் கிளம்பினோம். முன்சீட்டில் மாமனார். பின்சீட்டில் மனைவி, அவளைச் சுற்றிச் சீர்த்தட்டுகள், தட்டுகளுக்கு அடியில் சீட் அழுக்காகாமல் இருக்க நான் விரித்த போர்வை, போர்வைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை.

ஆலங்குடி தாண்டியதும் ஒரு வாடை வந்தது. கடாயில் எண்ணெய் கருகும் வாடை. வெளியில் யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வாடை இன்னும் கூடியது. அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று எரிந்தது. மூக்கு வைத்த சின்ன எண்ணெய்க் குப்பி, நுனியில் ஒரு சொட்டு.

மாமனாரும் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மாப்ள, வெளக்கு எரியுது! பொறப்பட்ட நேரம் நல்ல நேரந்தான்" என்றார். கையைக்கூடக் கூப்பினார்.

வண்டியோடு வந்த கையேட்டை நான் பரீட்சைக்குப் படிப்பது போல் படித்தவன். இந்த விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், ரோட்டில் எங்கள் வழித்தடம் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. மண்டிபோட்டுக் கைக்குட்டையால் சொட்டைத் துடைக்கப் பார்த்தேன். பெற்ற பிள்ளை விழுந்து ரத்தம் வந்தால்கூட நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன் என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, அவசரத்துக்கு இரண்டை அழுத்தி, ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்தார்.

"சார், நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா?"

"நான் பாதுகாப்பாத்தாங்க இருக்கேன். ஆயில்தான் கீழ போகுது."

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார். தயவுசெஞ்சு பானட்டைத் திறக்காதீங்க. வெளி மெக்கானிக் யாரையும் கைவைக்க விடாதீங்க, வாரண்டி போயிடும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பக்கத்துல சர்வீஸ் சென்டர் லீவு. திருச்சியிலேர்ந்து வண்டியத் தூக்கிட்டுப் போற லாரி வரும். வர்ற வரைக்கும் வண்டிய விட்டுட்டு எங்கயும் போகாதீங்க சார்."

போனை வைத்த மறுநிமிடம், எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

நம் ஊரில் ஒரு கார் ஓரமாக நின்றால் போதும், கூட்டம் எங்கிருந்துதான் வருமோ. பைக்கில் போனவர் நிறுத்தினார். டிராக்டரில் போனவர் நிறுத்தினார். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வரப்பேறி வந்தார்கள். ஒருவர் சொட்டும் எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்து, "இது ஆயிலுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். அடியில கல்லடிச்சிருக்கும் என்றார் ஒருவர். புது வண்டின்னாலே இப்படித்தான், இப்பெல்லாம் தகரம், அந்தக் காலத்து அம்பது வருஷ வண்டியே வேற என்றார் இன்னொருவர். மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது என்று ஒருவர் கேட்டார். நிற்கிற வண்டியைப் பார்த்து அப்படிக் கேட்க ஒரு தனி மனசு வேண்டும்.

"பானட்டத் தொறங்க சார், பாத்துருவோம்" என்றார் டிராக்டர்காரர். "எங்கிட்ட டிராக்டருக்கு வாங்குன ஆயிலு ஒரு கேன் கெடக்கு. ஊத்திக்கிட்டுப் போயிக்கிட்டே இருங்க. எண்ணெ எண்ணெதானே."

"வேணாங்க. வாரண்டி போயிரும்."

"அது எங்க போகுது?"

யாரும் திறந்துவிடாமல் இருக்கப் பானட்டின் மேல் கையை ஊன்றி நின்றேன். சூடு சுள்ளென்று ஏறியது. கையை எடுத்தால் மரியாதை போய்விடும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இடுப்பைச் சாய்த்து நின்றேன். மாமனார் எனக்குத் துணையாக மறுபக்கம் நின்றார். அவர் முகம் மட்டும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததிலிருந்து தெளிவாகவே இருந்தது.

இதற்கு நடுவில் தங்கை போன் பண்ணினாள். "எங்கண்ணே வந்துட்டே?"

எங்கே இருந்தாலும் இதற்கு நம்மிடம் ஒரே பதில்தானே. "வந்துட்டேன்த்தா, பக்கத்துலதான்" என்றேன்.

அடுத்த தடவை அவள் குரல் இறங்கியிருந்தது. "அண்ணே, கிடா வந்துருச்சு. வாசல்லதான் கட்டியிருக்கு. கிடா வந்தாச்சு, மாமனைக் காணோமேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க." அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

அதற்கும் அடுத்த தடவை, "வண்டி தீப்பிடிச்சிருச்சாமே? போட்டோ வந்திருக்கு" என்றாள். கூட்டத்தில் யாரோ படம் எடுத்து எந்தக் குழுவிலோ போட்டிருக்கிறார்கள். நான் ஒரு கையைப் பானட்டில் ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் படம் எனக்கு முன்னால் கீரமங்கலம் போய்ச் சேர்ந்துவிட்டது. தீ எல்லாம் இல்லை, சின்ன எண்ணெய்க் கசிவுதான், இதோ லாரி வந்துவிடும் என்றேன்.

பிறகு மெதுவாக, "அண்ணே, எங்க ஓரகத்தி தம்பிய ஒக்கார வச்சிரலாமான்னு எங்க மாமனார் கேக்குறாரு. அவரும் ஒரு மொறைக்கு மாமன்தானேங்குறாரு. புது வேட்டியெல்லாம் குடுத்தாச்சு" என்றாள். "நான் என்னண்ணே சொல்லட்டும்?"

ஓரகத்தி என்றால் கொழுந்தனின் பெண்டாட்டி. அவளுக்குத் தம்பிகள் உண்டு, அண்ணன்கள் உண்டு, பஞ்சமே இல்லை. ஊர் முழுக்கப் பார்த்திருக்க, என் தங்கை மகள் அவர்களில் ஒருவன் மடியில் உட்காரப் போகிறாள். ஆனாலும் என் வாய், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுத்தா, வண்டிய விட்டுட்டு வர முடியாது, கம்பெனியில சொல்லியிருக்காங்க" என்றுதான் சொன்னது.

அதுவரை என் மனைவி காருக்குள் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இப்போது இறங்கினாள். டிரைவர் பக்கம் போய்க் குனிந்து எதையோ இழுத்தாள். என் இடுப்புக்குக் கீழே பானட் டக்கென்று விட்டுக்கொடுத்தது.

"என்ன பண்றே? வாரண்டி..."

"நகருங்க" என்றாள்.

பானட்டைத் தூக்கினாள். உள்ளே எல்லாம் ஒரே எண்ணெய்க் குளியல். நடுவில், ஆயில் ஊற்றும் வாயிலிருந்து மூடி கழன்று கோணலாகக் கிடந்தது. வாயிலிருந்து ஒரு முழம் மல்லிகைச் சரம் கறுத்துப் போய்த் தொங்கியது. பாதி வெளியே, பாதி இன்ஜினுக்குள்ளே. கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

எல்லாரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த மூடியில வெளக்குப் படம் போட்டிருந்துச்சு மாப்ள. நீங்களே பாருங்க. உள்ள எல்லாத்தையும் கறுப்புப் பிளாஸ்டிக்கப் போட்டு மூடி வச்சிருக்கான், பூ வைக்க எடமே இல்ல. இது ஒண்ணுதான் மங்களமா இருந்துச்சு. கம்பெனிக்காரனே இங்கதான் பூசை பண்ணணும்னு வெளக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன். பூ நிக்கல. மூடியக் கொஞ்சந் திருகி, அடியில வச்சு, திரும்ப நல்லாத்தான் திருகுனேன்."

குனிந்து மூடியை எடுத்துப் பார்த்தேன். சந்தனப் பொட்டுக்கும் குங்குமத்துக்கும் அடியில் அதே எண்ணெய்க் குப்பி. உண்மையைச் சொன்னால், குத்துவிளக்கைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது விளக்காகத்தான் தெரியும். சரத்தைக் கட்டிய வாழைநாரின் மேல் மூடி சரியாக உட்காரவில்லை. வழியில் இருந்த வேகத்தடைகள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

"பூ வச்சது தப்பில்லீங்க. மூடிய இறுக்கித் திருகியிருக்கணும்" என்று கூட்டத்தில் ஒருவர் மரியாதையாகச் சொன்னார். இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் மாமனாரைத் திட்டும் உரிமையை நம்மூர் மருமகன்களுக்கு யாரும் கொடுத்து வைக்கவில்லை. திட்ட முடியாத ஆத்திரத்தில் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்று, இரண்டு, பாட்டு. அதே பெண்.

"ஏங்க, மூடிக்கு அடியில பூ மாட்டிக்கிச்சு. இது வாரண்டியில வருமா?"

"என்ன மாட்டிடுச்சு சார்?"

"பூங்க. மல்லிகைப் பூ."

"லைன்ல இருங்க சார், சீனியர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

மனைவி என் எதிரில் வந்து நின்றாள். "ஏங்க, ஒங்க காருக்கா காது குத்துறாங்க?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். பாட்டு என் கையில் பாடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன்.

கூட்டத்தால் ரோடு பாதி அடைபட்டு, ஒரு குட்டியானை ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பின்னால் பலாப்பழ லோடு, கீரமங்கலம் கமிஷன் கடைக்குப் போகிறது. மனைவி நேரே போய் டிரைவரிடம் பேசினாள். "அக்கா முன்னாடி ஒக்காந்துக்கட்டும், தட்டையும் வச்சுக்கலாம். அண்ணன்தான் பழத்து மேல ஒக்காரணும்" என்றார் அவர். காரைப் பார்த்துக்கொள்ள மாமனார் தாமாகவே முன்வந்தார். "நீங்க போங்க மாப்ள, நான் இங்கிட்டு இருந்து லாரி வந்ததும் ஏத்தி விட்டுட்டு வாரேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, லாரியில் ஏற்றும்போது எங்கே கொக்கி மாட்டச் சொல்ல வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். குட்டியானையில் ஏறி உட்கார்ந்துவிட்ட மனைவி அதன் ஹாரனை அடித்தாள்.

பலாப்பழத்தின் மேல் உட்காருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் முள் தன் இடத்தைத் தெரியப்படுத்தும். எழுந்து நின்றால் புளியங்கிளை முகத்தில் அடிக்கும். வெடித்திருந்த ஒரு பழத்தின் பால் என் பட்டு வேட்டியில் ஒட்டிக்கொண்டது. அதிலேயே என் எண்ணெய்க் கையையும் துடைத்திருக்கிறேன். இவ்வளவுக்கும் நடுவில் புளியமரம் கண்ணுக்கு மறைகிறவரை நான் என் காரையேதான் பார்த்துக்கொண்டு போனேன்.

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர்கள் தயாராக நின்றார்கள். பலாப்பழ வண்டி வந்து நின்றதைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர் ஓடிவந்தார். "இங்கிட்டு நிறுத்தாதப்பா, மாமன் சீர் வர்ற எடம். பழத்தையெல்லாம் சமையக்கட்டுக்குப் பின்னால கொண்டு போ" என்றார்.

"நான்தாங்க மாமன்" என்று பழத்தின் மேலிருந்து சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கட்டிப்போட்ட கிடாயும் தழையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. வெடி போட இருந்தவர் போடுவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் ஒன்றே ஒன்று போட்டார்.

உள்ளே போனேன். "கார் என்னாச்சு?", "தீ அணைஞ்சிருச்சா?", "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று வழியெல்லாம் கேள்வி. மேடையில் என் தங்கை மணையில் உட்கார்ந்து குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் புது வேட்டியில் ஓரகத்தியின் தம்பி, எதிரில் ஊசியும் சந்தனமுமாக ஆசாரி. தங்கையின் மாமனார் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புது வேட்டிக்காரர் பேசாமல் எழுந்து எனக்கு இடம் விட்டார். மாமியார் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"வந்தீங்களே, நல்ல வேளை" என்றார். "எமகண்டம் பொறந்தாலும் பரவாயில்ல, ராத்திரி ஆனாலும் பரவாயில்ல, எங்கண்ணன் மடியிலதான் குத்தணும்னு புள்ளையத் தர மாட்டேன்னுட்டா ஒங்க தங்கச்சி. நாங்க யாரு சொல்லியும் கேக்கல. எங்கண்ணன் வந்துக்கிட்டே இருக்குன்னு இதையேதான் சொன்னா."

மணையில் உட்கார்ந்தேன். தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள். அழுக்கு வேட்டியைக் குழந்தை ஒரு தடவை பார்த்துவிட்டு என் மீசையைப் பிடித்தது. அவசர அவசரமாக ஒரு கொத்து முடியை இறக்கினார்கள், மீதி மொட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆசாரி காதைத் தடவிப் பார்த்து, ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது.

தலை ஆடாமல் பிடிக்கத் தங்கை என் தோள்மேல் குனிந்தாள். அவள் கண்ணில் அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருந்தது என் கழுத்தில் விழுந்தது. குழந்தையின் அழுகைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. என் காதோடு சொன்னாள்.

"அடுத்த புள்ளைக்கு நீ பஸ்லயே வந்துருண்ணே."

"சரித்தா" என்றேன்.